கசக்கினால் கசக்கும்

மூன்று வருஷமாக என் வீட்டு மொஜிட்டோ, கியூபா தந்த அந்தப் புதினாப் பானம், கசந்துகொண்டிருந்தது. குடிக்கவே முடியாத கசப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் வாய்க்கு எலுமிச்சையின் புளிப்பு, பின்னாலேயே சர்க்கரை, மூக்கில் புதினா, எல்லாம் வரிசையாக வரும். விழுங்கி முடித்த பிறகுதான் அடிநாக்கில் வேப்பங்கொழுந்து பட்ட மாதிரி ஒன்று வந்து உட்காரும். வீட்டுக்கு வந்து குடித்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. புதுச்சேரி வெயிலில் ஐஸ் மிதக்கிற டம்ளரைக் கையில் கொடுத்தால் யார்தான் குறை சொல்வார்கள்? "சூப்பர்" என்றுவிட்டு இன்னொரு டம்ளரும் கேட்பார்கள். எல்லோரும் ருசித்துச் சாப்பிடுகிற சோற்றில் தான் மட்டும் கல்லைக் கடித்தவள் மாதிரி நான் விழித்துக்கொண்டிருப்பேன்.

முதன்முதலில் நான் மொஜிட்டோ குடித்தது கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல் மொட்டைமாடியில். ஆபீஸில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று எல்லோரையும் கூட்டிப்போயிருந்தார்கள். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பீரும் ஒயினும் ஓரிரு முறை வாயில் வைத்துப் பார்த்ததுண்டு, ரம்மை மட்டும் தொட்டதில்லை. உயரமான கண்ணாடி டம்ளரில் உடைத்த ஐஸ், அதற்குள் சிக்கிக்கொண்ட பச்சை இலைகள், மேலே ஒரு கொத்துப் புதினா. குடிக்கக் குனிந்தால் மூக்கு முதலில் அந்தக் கொத்தில்தான் போய் இடிக்கும். அது வேண்டுமென்றே அப்படி வைத்தது என்பது அப்போது தெரியாது. பாதி குடித்த பிறகு, "இதுல என்ன சரக்கு?" என்று கேட்டேன். "ரம் மேடம்" என்றார் பரிமாறியவர். நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த ரம் வேறு.

எனக்குத் தெரிந்த ரம் என் பெரிய மாமாவுடையது. மிலிட்டரியில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். மாதாமாதம் கேன்டீன் கோட்டாவில் வாங்கி வருவார். எங்கள் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம், சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவைக் காலத்தில் காற்றிலேயே ஒரு கனத்த இனிப்பு வாடை நிற்கும். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு, மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து வடித்தால்தான் ரம். ஆலைப் பக்கமிருந்து வந்த வாடையும் மாமாவின் வாயிலிருந்து வந்த வாடையும் சொந்தக்காரர்கள் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமா வெந்நீர் கலந்து குடிப்பார். முதல் டம்ளருக்குப் பட்டாளத்துக் கதை, இரண்டாவதற்குப் பாட்டு, மூன்றாவதற்குத் தாத்தா நிலத்தைப் பிரித்த கணக்கு. கணக்கு ஆரம்பித்துவிட்டால் பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மறுநாள் காலையில் அம்மா அந்த எவர்சில்வர் டம்ளரை மட்டும் தனியாக எடுத்துப்போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். தேய்த்த பிறகும் மற்றப் பாத்திரங்களோடு சேர்க்க மாட்டாள். பின்கட்டில் துவைக்கிற கல்லின் ஓரமாகத் தனியே கவிழ்த்து வைப்பாள். மாமா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் முகம்கூடக் கொஞ்சம் மங்கிவிட்டது, அந்த டம்ளர் மங்கவில்லை.

பழி போட ஆள் தேடியது

சரி, வீட்டிலேயே போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தபோது முதலில் கைக்குக் கிடைத்தது ஓல்டு மாங்க். 1954இல் இருந்து இந்தியாவில் ரம் என்றாலே பாதிப் பேருக்கு அதுதான். நல்ல ரம். ஆனால் அதிலிருக்கிற வெனிலா, கருகின சர்க்கரை வாசனையெல்லாம் சேர்ந்துகொண்டு புதினாவை வாயே திறக்கவிடாது. டம்ளரும் குட்டை நீர் நிறத்தில் வந்தது. அப்புறம்தான் வெள்ளை ரம்முக்கு மாறினேன். ரம்மை இப்படி மென்மையாக்கும் வித்தையைப் பெரிதாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஃபகுந்தோ பகார்டி. கியூபாவின் சாந்தியாகோ நகரத்தில் 1862இல் தொழிற்சாலை ஆரம்பித்தவர். வடித்த சாராயத்தைக் கரி வழியாக வடிகட்டி அதன் முரட்டுத்தனத்தை எடுத்தார். அதற்கு முன் அந்தத் தீவில் குடித்ததெல்லாம் அகுவார்தியெந்தே என்ற காட்டமான கரும்புச் சாராயம்.

ரம்மை மாற்றினேன், கசப்பு போகவில்லை. எலுமிச்சை மேல் சந்தேகம் வந்தது. இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அமெரிக்கப் பெரிய கடைகளில் கிடைக்கிற கொழுத்த, விதையில்லாத லைம் வேறு ஜாதி. கியூபாக்காரர்கள் ஊர் எலுமிச்சை என்று சொல்லிப் பிழிவதும், நம் காய்கறிக்காரர் தராசில் போடுவதும் ஒரே ஜாதி: சின்ன, மெல்லிய தோலுள்ள, விதை நிறைந்த பழம். எனவே அங்கே பழி சொல்ல இடமில்லை. சர்க்கரையைச் சந்தேகித்தேன். அதில் ஒரு தப்பு இருந்தது உண்மைதான். ரம்மையும் ஐஸையும் முதலில் போட்டுவிட்டுச் சர்க்கரையைக் கொட்டினால் அது கரையாமல் அடியில் மணலாகப் படுத்துக்கொள்ளும். சாராயத்தில் சர்க்கரைக்கு நீச்சல் தெரியாது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையை 20 மில்லி எலுமிச்சைச் சாற்றில் முதலிலேயே கரைத்துவிட வேண்டும், ரம் அதற்கப்புறம்தான். ரம் 45 மில்லி. நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றரை ஸ்மால். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் சொல்கிற அளவும் இதுதான். கணக்குப் பார்க்காமல் லார்ஜாக ஊற்றுகிறவர்களுக்கு மொஜிட்டோ எதற்கு, தண்ணீரே போதும்.

சோடாவை மாற்றினேன். கடைசி நிமிஷம் வரை ஃபிரிட்ஜில் இருந்த வெறும் சோடாதான் வேண்டும். ஜூஸ் கடைகளில் செய்வதுபோல லெமன் கூல்டிரிங்க்கை ஊற்றினால் கசப்பு மறையும், அதோடு மற்ற எல்லாமும் மறையும். ஐஸைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் அடித்துப் போட்டேன். டம்ளரைக்கூட மாற்றினேன், உயரமான எவர்சில்வர் டம்ளருக்கு. குளிர்ச்சி கையில் நன்றாக ஏறும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். புதினாவைப் பெரிய மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வாங்கிப் பார்த்தேன். அப்புறம் அந்தக் கட்டிலிருந்தே நாலு தண்டைத் தண்ணீரில் போட்டு, வேர் விட்டதும் பால்கனித் தொட்டியில் ஊன்றினேன். புதினா அப்படித்தான், தண்டைக் காட்டினால் போதும், தொட்டியையே பிடித்துக்கொள்ளும்.

அத்தனையும் மாற்றியவள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. புதினாவை டம்ளரில் போட்டுக் கீரை கடைகிற மத்தால் இடிப்பேன். மிளகும் சீரகமும் நன்றாகத் தட்டினால்தானே ரசம் மணக்கும் என்கிற புத்தி. வாசனை போதவில்லை என்று தோன்றினால் இன்னும் பத்து இடி. இலை கூழாகி, தண்ணீர் பச்சையாகி, டம்ளரே கடைந்த கீரை மாதிரி ஆனால்தான் எனக்குத் திருப்தி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம், அதனால் அவர் டம்ளரில் ரம் கிடையாது. ஒருநாள் அவர், "எனக்கும் லேசா கசக்குதே" என்றார். ரம்மே இல்லாத டம்ளர். அந்த ஒரு வாக்கியத்தில் விடை மொத்தமும் இருந்தது. நானோ, "உங்களுக்கு மாத்திரை போட்ட வாய்" என்று சொல்லிவிட்டு என் டம்ளருக்குத் திரும்பிவிட்டேன். ஏன் எனக்கு அது உறைக்கவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். ரம் என்றால் கடைசியில் கசக்கத்தான் வேண்டும் என்று எனக்குள் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். தனியாகக் கவிழ்த்த டம்ளரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தக் கசப்பு ஒரு விதத்தில் நியாயமாகவே பட்டிருக்கிறது.

கண் மருந்து

போன மாசியில் அம்மா கண்புரை ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எழுபத்து மூன்று வயது. வந்த அன்றே பாட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விட்டது. பத்து நாள் புதினா எல்லாம் துவையலாகவும் பிரிஞ்சியாகவும் போயிற்று. பதினோராவது நாள் சனிக்கிழமை. அம்மா எட்டரைக்கே மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். ஒன்பதரை மணிக்கு, நாற்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டுச் சமையலறையில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு நான் பாட்டிலை வெளியே எடுத்தேன். மிக்ஸியா, சத்தம் வருவதற்கு? மத்துதானே என்று தைரியம்.

சொட்டு மருந்தை ஃபிரிட்ஜில் வைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றி மேல் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். புரை எடுத்த கண் வேறு. மேடையில் திறந்த பாட்டில், எலுமிச்சை மூடிகள், என் கையில் மத்து. நான் பாட்டிலை மறைக்கவில்லை, கை வரவில்லை என்பதுதான் உண்மை. அம்மா பாட்டிலைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். மாமா டம்ளர் மாதிரியே எவர்சில்வர் டம்ளர். பிறகு கிட்டே வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, புதினாவை எதுக்கு இப்படிப் போட்டுக் கசக்குற? கசக்கினா கசக்கும்."

நான் எதிர்பார்த்து வைத்திருந்த எந்தப் பேச்சுக்கும் இது பொருந்தவில்லை. "வாசனை வரணும்ல" என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

"வாசனை இலைக்கு மேலேயே இருக்குடி. தொட்டாலே வரும்." மிச்சமிருந்த கொத்தில் ஒரு இலையை இரண்டு விரலால் சும்மா ஒரு நீவு நீவி, அந்த விரலை என் மூக்கருகே நீட்டினாள். சமையலறை முழுக்க அதுவரை இல்லாத வாசனை. "துவையலுக்கே நான் வதக்கிட்டுத்தான் அரைப்பேன். பச்சையா அரைச்சா ரெண்டு சுத்துக்கு மேல விடமாட்டேன். நீ என்னடான்னா கீரை கடையுற."

அப்புறம்தான் கேட்டாள், இது என்ன என்று. மொஜிட்டோ என்றேன். "கல்யாண ரிசப்ஷன்ல நீலமா குடுத்தாங்களே, அதுவா?" ஆமாம், அதுதான், ஆனால் அதில் இது இருக்காது என்று பாட்டிலைக் காட்டினேன். "உங்க மாமா குடிப்பானே, அதா?" "அதேதாம்மா. கலர் மட்டும் வேற." அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஃபிரிட்ஜ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. "எவ்ளோ ஊத்துவ?" என்றாள். அளவு மூடியைக் காட்டினேன். அதை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். திருப்பித் தந்துவிட்டு, "கையைக் கழுவிட்டு வந்து மருந்தை ஊத்து, மணி ஆச்சு" என்று ஹாலுக்குப் போய்விட்டாள்.

மருந்து ஊற்றிவிட்டு வந்து, அந்தப் பச்சைக் கூழைத் தொட்டியில் கொட்டினேன். மறுபடி போட்டேன். சாறில் சர்க்கரையைக் கரைத்து, பத்துப் பன்னிரண்டு இலைகளைப் போட்டு, மரக்கரண்டிக் காம்பால் மூன்றே அழுத்து. இலை கிழியக் கூடாது, லேசாகக் கன்றினால் போதும். ரம், ஐஸ், சோடா. நுனிக் கொத்தை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி மேலே செருகினேன். கசப்பு இல்லை. அடிநாக்கைத் துழாவித் துழாவிப் பார்த்தேன், இல்லை.

அம்மா சொன்னதற்குத் தாவரவியலில் இடமிருக்கிறது. புதினா எண்ணெய் இலைக்குள் ஆழத்தில் இல்லை, இலைத் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் இருக்கிறது. தொட்டாலே உடையும். அதற்கு மேல் அடிக்கிற ஒவ்வோர் அடியும் உள்ளே இருக்கிற செல்களை உடைத்துப் பச்சையத்தையும் துவர்ப்பையும் கசப்பையும்தான் வெளியே எடுக்கும். அந்த வாசனைக்குப் பெயர் கார்வோன். தைலத்தில் குளிர்கிற மெந்தால் நம் புதினாவில் அவ்வளவாகக் கிடையாது. இதே கார்வோனைக் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல இடவலம் மாற்றினால் சதகுப்பை வாசனை ஆகிவிடுகிறது. ஒரே பொருள், முகம் திரும்பினால் வேறு மணம். இதைப் படித்த அன்று சதகுப்பை டப்பாவைத் திறந்து ரொம்ப நேரம் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பத்தான் முடியவில்லை.

எலுமிச்சைக்கும் அதே சட்டம்தான் என்பது உபரியாகப் புரிந்தது. மூடியை ஒட்டப் பிழிந்தால் தோலடியில் இருக்கிற வெள்ளைச் சதையும் நசுங்கிய விதையும் சேர்ந்து கசக்கும். இது ஜூஸ் போடுகிற எல்லா வீட்டுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விருந்தாளிக்கு ஜூஸ் போடும்போது நிதானமாகப் பிழிகிறவள், இதற்கு மட்டும் யாராவது வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோலப் பிழிந்திருக்கிறேன்.

மறைப்பதற்கென்றே பிறந்தது

மொஜிட்டோவின் பூர்வீகம் பற்றி கியூபாவின் தலைநகர் ஹவானாவில் சொல்லுகிற கதை ஒன்று உண்டு. 1586இல் ஆங்கிலக் கடற்கொள்ளைக்காரன் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்கள் அந்தப் பக்கம் வந்தபோது, காய்ச்சல் கண்ட மாலுமிகளுக்காகக் கரும்புச் சாராயத்தில் புதினாவும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்தார்கள் என்று. கதை எப்படியோ, டிரேக்கின் பெயரால் டிராக்கே என்று ஒரு பானம் கியூபாவில் நிஜமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் காலராவுக்கு நல்லது என்றுகூடக் குடித்திருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், சளிக்கு ரம்மில் மிளகுத்தூள் போட்டுக் கொடுத்த ஊர்தான் நம்முடையதும். சாராயத்தின் இடத்துக்கு நல்ல ரம் வந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. தாகம் எடுத்த அமெரிக்கர்கள் ஹவானாவுக்குப் படகேறினார்கள். பிறகு 1942இல் தொடங்கிய லா போதெகிதா தெல் மேதியோ என்ற சின்னக் கடை மொஜிட்டோவின் கோயிலாகிவிட்டது. என் மொஜிட்டோ இங்கேதான் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே எழுதியதாக ஒரு வாசகத்தை அங்கே மாட்டி வைத்திருக்கிறார்கள். அதை அவர்தான் எழுதினாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் நிறைய.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. கரும்பு நியூகினிப் பக்கத்தில் தோன்றி இந்தியா வழியாக மேற்கே போனது. எலுமிச்சையும் கிழக்கிலிருந்து போனதுதான். இரண்டையும் 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கரீபியனுக்குக் கொண்டுபோனார். புதினா மத்தியதரைக் கடல்காரர்கள் கொண்டுபோனது. கியூபாவின் பானத்தில் கியூபாவில் பிறந்தது ஒன்றுமே இல்லை. அப்படிப் போனவை எல்லாம் சேர்ந்து அங்கே செய்த வேலை, முரட்டுச் சாராயத்தை மறைப்பது. நம் ஜூஸ் கடைகளில் மறைக்க வேண்டியதை எடுத்துவிட்டு மறைப்பை மட்டும் நீலத்திலும் பச்சையிலும் விற்கிறார்கள். முன்பெல்லாம் இதைக் கேலி செய்வேன். இப்போது கேலி செய்ய வாய் வருவதில்லை, அரிசி டின்னுக்குப் பின்னால் பாட்டில் வைத்தவள் நான்.

அதற்கடுத்த வாரம் அம்மா ரம் இல்லாத டம்ளர் ஒன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு கல்லு உப்பு போட்டிருக்கலாம்" என்றாள். எலுமிச்சை ஜூஸ் என்றால் அம்மாவுக்கு உப்பு உண்டு. கியூபாவில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உப்பு கசப்பை அமுக்கும் என்பது சமையல் அறிந்த யாருக்கும் தெரிந்ததுதான். என் டம்ளரிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து போடுகிறேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சமையலறை மேடையில் ஒரு கிண்ணம் இருந்தது. தண்ணீர் தெளித்த புதினா, எல்லாம் கொழுந்து. "காம்பு போடாதே, அதுவும் கசக்கும்" என்று ஹாலிலிருந்து குரல். பாட்டிலை நான் மேடையிலேயேதான் வைத்திருந்தேன். நானும் அவரும் பால்கனியில் உட்கார்ந்து குடித்தோம், அம்மா உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் நான் எழுவதற்குள் பாத்திரமெல்லாம் கழுவியிருந்தாள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று கத்தினேன். "பழக்கம்டி" என்றாள். கூடையைப் பார்த்தேன். காபி டம்ளர்களுக்கு நடுவில் அந்த உயரமான டம்ளரும் கவிழ்ந்திருந்தது.